நோய்க்கு இட்ட பெயர்

மேகநோய், வெட்டை, கிரந்தி, பறங்கிப்புண் எனத் தமிழ் மருத்துவ நூல்கள் பல பெயர்களை வழங்குகின்றன. இவற்றுள் இறுதிப் பெயர் தன் காலத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறது. பறங்கியர் என்போர் போர்த்துக்கீசியர். அவர்தம் கலம் கோழிக்கோட்டை அடைந்தது 1498இல். பதினாறாம் நூற்றாண்டினதாகிய பாவப்பிரகாசம் என்னும் வடநூலும் இந்நோயைப் பறங்கியர் பெயராலேயே குறிக்கும். இதற்கு மருந்தெனக் கொண்ட பறங்கிப்பட்டையோ சீனத்துக் கிழங்கு; 1563இல் கோவாவில் அச்சேறிய கார்சியா தா ஓர்த்தாவின் நூல் அதனை விரித்துரைக்கிறது. ஆதலின், அப்பட்டையைக் கூறும் பாடல் எச்சித்தர் பெயரால் வழங்கினும், அதன் இன்றைய வடிவம் அக்காலத்துக்கு முற்பட்டதாகாது. இது கேட்டுச் சினங்கொள்வாரும் உளர்.

காலம் காட்டும் பெயர் காரணம் காட்டவில்லை. இத்தாலியர் இதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சியர் நேப்பிள்சு நோய் என்றனர். இலங்கையிலோ, கூடாவொழுக்கத்தோடு தொடர்பே இல்லாத வேறொரு தோல்நோய்க்குப் பறங்கி என்று பெயர். மலாய் வழக்கில் 'சாக்கிட் பெரெம்புவான்', அதாவது பெண்நோய். அயலான் மேல் ஏற்றிய பழி ஈண்டுப் பெண் மேல் வந்து நின்றது.

சட்டமும் அவ்வழியே சென்றது. ஆயர் ஈத்தாமும் அடங்கிய பினாங்குத் தீவு நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாயிருந்தபோது, 1870இல் அங்குத் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. விடுதிப் பெண்டிர் பெயர் பதிந்து உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அவ்விடுதிக்குச் சென்ற ஆடவரைச் சோதித்தார் இலர். பாதி வழியை அடைத்து வெள்ளத்தைத் தடுக்க முயன்ற கதை இது.

1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் எய்ட்சுக் கிருமியை இந்தியாவில் முதன்முதல் கண்டறிந்ததும் விலைமகளிர் குருதியிலேயே. உடனே அது அவர்தம் நோயென்று பேசப்பட்டது. பின்னர்ச் சென்னை மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களுள் மிகப் பலர் கணவனையன்றிப் பிறரை அறியாத மனைவியர்.

மருதத்திணைக்கு உரை சொல்வோர் கருத வேண்டிய இடம் இது. ஓரம்போகியார் பாடிய ஐங்குறுநூற்று மருதத்தில் நோய்ப்பேச்சு இல்லை. இருப்பதாகப் பொருள் கொள்வது வலிந்து கொள்வதாகும். எனினும், பரத்தையிடமிருந்து மீண்ட தலைவனுக்கு வாயில் மறுக்கும் தலைவி ஆங்கு உண்டு. அம்மறுப்பை ஊடலின் அணி என்று கூறி உரைகாரர் கடந்துவிடுவர். அவளுக்கு மறுக்கும் உரிமை உண்டென்று அத்துறை ஒப்புக்கொள்வதை அவர் கண்டிலர். அவ்வுரிமை இன்று உயிர் காப்பது.

'பால்வினை நோய்' என்னும் புத்தாக்கம் எவ்வினத்தையும் எப்பாலையும் சுட்டாதது. வினையைத் தீவினை என விரிப்பது பிழை. ஈண்டு அது செயல் என்னும் அளவே.