பல்செட் செய்பவர் வாயைப் பார்க்கலாமா?

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்தில் இரண்டாம் பிரிவு முழுக்க வரையறைகள். நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த மாதிரிப் பகுதி பிடிக்கும். பெயர்களை முதலில் அறிவித்துவிட்டுத்தான் மற்ற வேலை. அதில் இரண்டு வரையறைகளை அருகருகே வைத்துப் பார்த்தேன்.

‘டென்டல் மெக்கானிக்’ என்பவர் பல்செட்டும் பல் சார்ந்த சாதனங்களும் செய்கிறவர், பழுது பார்க்கிறவர். ஒரே வரி, முடிந்தது. ‘பல் மருத்துவம்’ என்பதன் வரையறை நீளம். பல்லுக்கும் தாடைக்கும் செய்யும் சிகிச்சை, அதற்கான மயக்க மருந்து, செயற்கைப் பல் கட்டும் வேலை, கடைசியாக அந்தப் பல்லைப் பொருத்துவதற்காக ஒருவருக்குச் செய்யும் சிகிச்சை, சொல்லும் ஆலோசனை எல்லாமே. இந்தக் கடைசித் துண்டில்தான் விஷயம். பல்செட் செய்கிற வேலை இரண்டு வரையறையிலும் வருகிறது. அது போய் உட்காரப்போகிற வாய் ஒன்றில் மட்டும்தான். தான் செய்த செட்டைப் போட்டிருக்கிறவரிடம் ஒரு மெக்கானிக் “எங்க உறுத்துது?” என்று கேட்டு, இப்படி மாற்றலாம் என்று சொன்னால், கறாராகப் படித்தால் அது பல் மருத்துவம்.

நான் பல் துறைக்காரன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாக மென்பொருள் வேலை. இதைத் தோண்டக் காரணம் இரண்டு. ஒன்று, நெட்டப்பாக்கத்தில் இருக்கும் அம்மாவின் கீழ்ச் செட். இன்னொன்று, “டென்டல் டெக்னாலஜி படிக்கலாமா மாமா?” என்று ப்ளஸ் டூ முடித்த அக்கா மகள் கேட்டது.

அம்மா கதை சின்னது. மேல் செட்டைப் போட்டுக்கொள்கிறார். கீழ்ச் செட் இரண்டு வருஷமாக எவர்சில்வர் டப்பாவில் தண்ணீரில் கிடக்கிறது. எங்கள் தெருவிலேயே இப்படி டப்பாவில் கிடக்கும் கீழ்ச் செட்டுகள் இன்னும் மூன்று எனக்குத் தெரியும். ‘பல் கட்டி’னவர்கள் எல்லாரும் வெளியே கிளம்பும்போது மேல் வரிசை மட்டும் போட்டுக்கொண்டு போவது ஊரில் ஒரு அதிசயமே இல்லை.

ஏன் கீழ்ச் செட் மட்டும்? மேல் செட்டுக்கு அண்ணம் முழுதும் உட்கார இடம் உண்டு. எச்சிலின் மெல்லிய படலம் அதை ஒட்டி நிறுத்துகிறது. கீழே நாக்கு புரள்கிறது. செட் உட்கார ஒரு லாட வடிவ வரப்புதான் மிச்சம். பல் போனபின் அந்த எலும்பு வரப்பும் கரைந்துகொண்டே போகும். டால்கிரன் என்ற ஆய்வாளர் 25 ஆண்டு தொடர் அளவீடுகளை வைத்து 1972-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது: முன்பக்கத்தில் கீழ் வரப்பு தேய்வது மேல் வரப்பைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதாவது கீழ்ச் செட் என்பது ஒருமுறை செய்து கொடுத்துவிட்டால் தீர்கிற பொருள் கிடையாது. வாய் மாற மாற அடிப்பக்கம் நிரப்ப வேண்டும், ஓரம் சீவ வேண்டும், கடியைச் சரிசெய்ய வேண்டும். எங்கள் துறையில் இதைப் பராமரிப்பு என்போம். முதல் வெளியீட்டைவிட அதற்குத்தான் ஆள் அதிகம் வேண்டும்.

இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பல் மருத்துவர் வாயில் மாவு வைத்து அச்சு எடுக்கிறார். லேப் அதில் மாதிரி வார்த்து, அந்த வாய்க்கென்றே ஒரு தட்டு செய்து அனுப்புகிறது. அந்தத் தட்டில் மறுபடி நுணுக்கமான அச்சு. பிறகு மெழுகுக் கட்டை வைத்து மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் உள்ள உறவை அளக்கிறார்கள். லேப் மெழுகில் பல் அடுக்குகிறது, நோயாளி ஒருமுறை போட்டுப் பார்க்கிறார். அப்புறம்தான் மெழுகை உருக்கிவிட்டு அக்ரிலிக் நிரப்பி வேகவைத்து, சீவி, மெருகேற்றுவது. குறைந்தது ஐந்து முறை வர வேண்டும். நெட்டப்பாக்கத்துக் கிழவிக்கு ஐந்து முறை என்றால் ஐந்து நாள் துணைக்கு ஒரு ஆள் வேலையை விட வேண்டும் என்று அர்த்தம். அதனால் நடைமுறையில் ஐந்து மூன்றாகச் சுருங்கும். எந்தப் படி வெட்டுப்படும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

லேபில் இருப்பவர் கைக்கு என்ன போகிறது? ஒரு மாதிரி, மெழுகுக் கட்டைகள், ‘ஏ3’ என்று பல் நிறம் எழுதின ஒரு சீட்டு. நாக்கு எவ்வளவு பெரியது, கன்னம் எப்படித் தள்ளுகிறது, பேசும்போது உதடு எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அந்தப் பெட்டியில் வருவதில்லை. நாக்கின் தள்ளலும் கன்னத்தின் தள்ளலும் சமமாகிற இடம் ஒன்று உண்டு. கீழ்ப் பற்களை அங்கே அடுக்கினால்தான் செட் நிற்கும். மாதிரியைப் பார்த்து அந்த இடத்தைத் தோராயமாக ஊகிக்கலாம், அவ்வளவுதான். கிளம்பிப் போன செட் நின்றதா, டப்பாவுக்குப் போனதா என்ற செய்தியும் அவருக்குத் திரும்பி வராது. பிழை அறிக்கையே வராத நிரலாளரை நினைத்துப் பாருங்கள். அவர் எத்தனை வருஷம் எழுதினாலும் கை வேகம் கூடும், வேறொன்றும் கூடாது.

இதன் மறுபாதி இன்னும் வேடிக்கை. பி.டி.எஸ். மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் மெழுகில் பல் அடுக்குவதையும் அக்ரிலிக் வேகவைப்பதையும் மணிக்கணக்காகச் செய்கிறார்கள். கிளினிக் திறந்தபின் பெரும்பாலானவர்கள் அதை மறுபடி தொடுவதே இல்லை, லேபுக்குப் போய்விடுகிறது. வாயைப் பார்ப்பவர் தான் செய்யப்போகாத வேலையைக் கற்கிறார். செய்பவருக்கு வாயைப் படிக்க வழியில்லை.

இந்தப் பிளவை ஒரு பல்கலைக்கழகப் படிப்பால் தைத்த இடங்கள் உண்டு. நியூசிலாந்தில் டனீடின் நகரத்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் பல் தொழில்நுட்பம் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. அதன் மேல் ‘கிளினிக்கல் டென்டல் டெக்னாலஜி’ என்று ஒரு முதுநிலைப் பட்டயம். அதை முடித்துப் பதிவு செய்துகொண்டவர் பல்லே இல்லாதவருக்கு அளவெடுப்பது முதல் பொருத்துவது வரை தானே செய்யலாம். ஆனால் ஈறிலோ எலும்பிலோ நோயோ ஆறாத புண்ணோ இருக்கக் கூடாது. சில பற்கள் மீதமிருந்தால் பல் மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். பிரிட்டனும் 2006-இல் இதே பெயரில் ஒரு பதிவேட்டைத் திறந்தது; அங்கேயும் எல்லைக்கோடு ஏறக்குறைய இதேதான், முழுப் பொக்கை என்றால் நேரடியாக, பல் இருந்தால் மருத்துவரின் சீட்டோடு. கனடாவில் ‘டென்சரிஸ்ட்’, ஆஸ்திரேலியாவில் ‘டென்டல் ப்ராஸ்தெடிஸ்ட்’ என்று பெயர் மட்டும் மாறும்.

நம் ஊரில்? டென்டல் மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. அதற்கு மேல் ஏணி இல்லை. பத்து வருஷம் ஆயிரம் செட் செய்த ஒருவர் மேலே படிக்க ஆசைப்பட்டால், நீட் எழுதி பி.டி.எஸ். முதலாண்டில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும். எங்கள் பொறியியல் வகுப்பில் இப்படி இல்லை. பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தார்கள். முதல் கணக்குத் தேர்வில் திணறினார்கள், உண்மைதான். பணிமனையில் நாங்கள் அவர்களைத்தான் கேட்டுக் கேட்டுச் செய்தோம். அந்தப் பக்கவாட்டுக் கதவு பல் துறையில் இல்லவே இல்லை.

இதற்குப் பல் மருத்துவர்கள் சொல்லும் மறுப்பு அலட்சியமாகத் தள்ளக் கூடியதல்ல. நாட்டில் 300-க்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நெட்டப்பாக்கத்தைச் சுற்றியே பாருங்கள்: கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி நிறுவனம், அரியூரில் ஒன்று, பிள்ளையார்குப்பத்தில் ஒன்று. படித்த பிள்ளைகள் கிளினிக் வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு வகை ஆள் எதற்கு? இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. நம் பக்கத்துப் பொக்கை வாய்கள் சும்மா இருப்பதில்லை. சின்ன இரும்பு உரலில் வெற்றிலையும் புகையிலையும் இடித்து அடக்கிக்கொள்கிற வாய்கள். செட்டுக்கு அடியில் ஒரு புண் இருந்தால் அது செட் உறுத்தியதாலும் வரலாம், புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். செட்டைச் சீவிக் கொடுத்து இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் சதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அது தெரியாதவர் இன்னும் கொஞ்சம் சீவுவார், இன்னொரு தடவை சீவுவார். ஆறு மாதம் போய்விடும்.

முதல் மறுப்புக்கு என் பதில் அந்த எவர்சில்வர் டப்பாதான். மூன்று கல்லூரிகள் சுற்றி இருந்தும் கீழ்ச் செட் அதற்குள்தான் கிடக்கிறது. பல் மருத்துவருக்கு வேர் சிகிச்சையும் கிரீடமும் இம்ப்ளான்டும் இருக்கும்போது, இருபது தடவை சீவித் தர வேண்டிய கிழவியின் செட் வருமானமும் இல்லை, ஆர்வமும் இல்லை. அது அவர் குற்றமும் இல்லை.

இரண்டாவது மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டால் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டுப் படிப்புகளின் ‘கிளினிக்கல்’ என்ற சொல்லுக்குப் பொருளே இதுதான்: வாய் நோய்களை அடையாளம் காண்பது, நோயாளியின் மருத்துவ வரலாறு கேட்பது, எந்த வாய்க்குச் செட் செய்யக் கூடாது, யாரை எங்கே அனுப்புவது. பல் அடுக்கத் தெரிந்தவர்தான் அந்தப் படிப்புக்கே வருகிறார். அவருக்கு அங்கே கிடைப்பது மறுக்கத் தெரிவது. நாம் அந்தப் பாடத்துக்கு ஒரு வகுப்பறையே கட்டவில்லை. கட்டாமல் விட்டுவிட்டு, ‘இவர்களுக்கு அது தெரியாது, அதனால் வாயைத் தொடக் கூடாது’ என்கிறோம். எங்கள் மொழியில் இதற்குச் சுழல் சார்பு என்று பெயர். இரண்டு கோப்புகள் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டே நிற்கும், எதுவும் ஓடாது.

கண்ணில் இந்தச் சுழலை நாம் உடைத்துவிட்டோம் என்பது பலருக்கு நினைவில் இல்லை. கண்ணாடிக்கு அளவு பார்க்கிறவர் ஒரு காலத்தில் கடைக்காரர். 1985-இல் சென்னையில் சங்கர நேத்ராலயா எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைத் தொடங்கி அந்த வேலையை நான்காண்டுப் பட்டப்படிப்பாக்கியது. ஆப்டோமெட்ரிஸ்ட் கண்ணை அளக்கிறார். கண் அழுத்தம் சந்தேகம் என்றால் மருத்துவரிடம் அனுப்புகிறார். கண் மருத்துவர்கள் தொழில் இழந்து தெருவுக்கு வந்துவிடவில்லை. வாய் மட்டும் என்ன பாவம் செய்தது?

லேப் வேலையே மாறிக்கொண்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டென்மார்க்கின் 3ஷேப், ஜெர்மனியின் எக்ஸோகேட் போன்ற மென்பொருளில் திரையில் பல் வரைந்து, ஜிர்கோனியா கட்டியில் கடைந்து எடுக்கிறார்கள். கிரீடம், பாலம் எல்லாம் இப்படி வந்தபின் மெழுகு செதுக்கும் கைக்குத் தேவை குறையும். குறையாமல் நிற்பது வாயில் எடுக்க வேண்டிய அளவுகளும், கொடுத்தபின் செய்யும் பராமரிப்பும். நம் இரண்டாண்டுப் படிப்பு தருவது இயந்திரம் வாங்கிக்கொள்ளப் போகிற பாதியை. அக்கா மகளிடம் நான் சொன்ன முதல் விஷயம் இது. இரண்டாவது, ‘பி.எஸ்சி. டென்டல் டெக்னாலஜி’ என்று யார் விளம்பரம் செய்தாலும், அதை முடித்தால் எந்தப் பதிவேட்டில் எந்தப் பெயரில் ஏறும் என்று எழுத்தில் கேட்டு வாங்கு என்பது. பதில் வராத இடத்துக்குப் பணம் கட்டாதே என்றேன். அவள் இப்போது ஆப்டோமெட்ரி விண்ணப்பமும் வாங்கி வைத்திருக்கிறாள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், கை நேர்த்தியான பெண்.

1948 சட்டத்தின் இடத்துக்கு 2023-இல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல். கல்விக்கு ஒரு வாரியம், கல்லூரிகளைத் தரம் பார்க்க ஒன்று, நெறிமுறைக்கும் பதிவுக்கும் ஒன்று என மூன்று வாரியங்கள். மெக்கானிக்கும் ஹைஜீனிஸ்ட்டும் இப்போது ‘துணையாளர்’ என்ற ஒரே பெட்டியில். பெயர் புதிது, பிளவு பழையது. ஆனால் ஒழுங்குமுறை விதிகளை எழுதும் வேலை ஆணையத்திடம் இருக்கிறது. அந்த விதிகள் வரும்போது நான் தேடப்போவது மூன்று: துணையாளர் படிப்புக்கு மேல் ஒரு பட்டம் இருக்கிறதா, அதில் வாய் நோய்க்கூறியல் ஒரு தாளாக இருக்கிறதா, பல் மருத்துவர் ஒருமுறை வாயைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின் செட்டின் பராமரிப்பையாவது, அதாவது அடி நிரப்புவதையும் ஓரம் சீவுவதையும், அந்தப் பட்டதாரி தானே செய்ய அனுமதி உண்டா. முழு உரிமை வேண்டாம். மூன்றாவது மட்டும் கிடைத்தால்கூட நெட்டப்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒரு நாள், ஒரு மேசையும் ஒரு சீவும் மோட்டாரும் போதும்.