அரங்கம் முதலில், வீடு பிறகு

அரசு உதவியோடு விளையாட்டரங்கம் கட்டலாமா என்ற பேச்சு வந்தாலே எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு வரி வரும் என்ற கணக்கில்தான் போய் நிற்போம். ஒப்பந்தத்தில் எதற்கு உண்மையான கெடு இருக்கிறது, தவறினால் யாருக்கு வலிக்கும் என்று பார்ப்பது என் பழக்கம். நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள பார்க்லேஸ் சென்டரை அப்படிப் பார்க்கலாம்.

2003 டிசம்பரில் புரூஸ் ராட்னர் என்ற கட்டுமான அதிபர் 'அட்லாண்டிக் யார்ட்ஸ்' திட்டத்தை அறிவித்தார். ரயில் யார்டும் அக்கம்பக்கமும் சேர்த்து 22 ஏக்கர். கூடைப்பந்து அரங்கம், சுற்றிலும் அடுக்குமாடிகள். கடைசியில் முடிவான கணக்குப்படி 6,430 வீடுகள். அதில் 2,250 கட்டுப்படியாகும் வாடகைக்கு. ஏகார்ன் மாதிரியான ஏழைகளின் இயக்கம் ஆதரித்ததே இந்த 2,250க்காகத்தான்.

அரங்கத்துக்கு என்னவெல்லாம் கிடைத்தது? மாநிலமும் நகரமும் தலா 10 கோடி டாலர் தருவதாக 2005ல் ஒப்புக்கொண்டன. 'சீரழிந்த பகுதி' என்று அறிவித்து மாநிலம் நிலத்தைக் கையகப்படுத்தியது. 2009 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் சரி என்றது. அரங்கம் நிற்பது அரசு நிலம் என்பதால் சொத்து வரி இல்லை. வரிக்கு ஈடாகக் கட்டும் தொகை கருவூலத்துக்குப் போகாது, அரங்கத்தின் கடன் பத்திரங்களை அடைக்கப் போகும். அந்தப் பத்திரங்கள் சுமார் 51 கோடி டாலர், வட்டிக்கு வருமான வரியும் கிடையாது.

2008 பொருளாதார நெருக்கடியால்தான் வீடுகள் தாமதமாச்சு என்பார்கள். நெருக்கடி இரண்டுக்கும்தானே வந்தது? ரயில் யார்டுக்குப் பேசிய 10 கோடி டாலரில் முதலில் 2 கோடி தந்தால் போதும், மிச்சம் 22 வருடத் தவணை என்று 2009ல் தளர்த்தினார்கள். வரிச்சலுகைப் பத்திரங்களை அந்த வருட முடிவுக்குள் வெளியிட வேண்டும் என்ற கெடு இருந்தது. டிசம்பரில் வெளியிட்டுவிட்டார்கள். அந்தக் கெடு நிஜமான கெடு.

2012 செப்டம்பரில் அரங்கம் திறந்தது. அன்றைக்கு ஒரு வீடு கூடத் தயாரில்லை. முதல் குடியிருப்புக் கட்டடம் திறக்க 2016 ஆனது. 2,250 வீடுகளுக்கான கெடு 2025 மே. அப்போது 876 பாக்கி. ஒரு வீட்டுக்கு மாதம் 2,000 டாலர் அபராதம் என்று எழுதியிருந்தது. அதாவது மாதம் 17.5 லட்சம் டாலர். கெடு தாண்டியும் அரசு வசூலிக்கத் தொடங்கவில்லை.

முழு மோசடி என்று சொல்லமாட்டேன். 1,374 வீடுகள் வந்திருக்கின்றன, அதில் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் எங்கள் தொழிலில் "இதை ஃபேஸ் டூவில் பார்த்துக்கலாம்"னு கிளையன்ட்டிடம் சொன்னால் பாதி நேரம் அதற்கு என்ன அர்த்தம்னு எங்களுக்கே தெரியும். விவரமான கிளையன்ட் கடைசித் தவணையைப் பிடித்து வைத்துக்கொள்வார். நியூயார்க் எல்லாவற்றையும் முன்னாடியே கொடுத்துவிட்டு, அபராதம் என்ற காகிதத்தை மட்டும் கையில் வைத்திருந்தது.

இத்தனை வீட்டுக்குச் சாவி கொடுத்த பிறகே அரங்கத்தின் கதவு திறக்கும் என்று ஒரு வரி போதுமாயிருந்தது. அடுத்த முறை எந்த ஊரில் அரங்கத்தோடு வீடும் வரும் என்று சொன்னாலும், நான் முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான்.