அங்கே 32, இங்கே 16

கள்ளக்குறிச்சி கடைவீதியில் எம்சிபி பிரேக்கர் வாங்கப் போனால் "எத்தனை ஆம்பியர்?" என்று கேட்பார்கள். எந்த வயர், எந்தப் பிளக் என்று கேட்பவர் குறைவு. யாழ்ப்பாணத்து வீட்டுப் பெட்டியில் இருக்கும் எண்ணை இங்கே அப்படியே மாட்டக்கூடாது என்பதற்குக் காரணம் அந்த இரண்டும்தான்.

இலங்கை வயரிங் பிரிட்டிஷ் வழி வந்தது. 2.5 சதுர மி.மீ. வயரை அறைகளைச் சுற்றி வளையமாக இழுத்து, இரு முனைகளையும் பெட்டியிலேயே முடித்து, 32 ஆம்பியர் பிரேக்கர் போடும் வழக்கம் அங்கே உண்டு. கரண்ட் இரு பக்கமாகப் பிரிந்து போவதால் வயர் தாங்குகிறது. 13 ஆம்பியர் சதுரமுனைப் பிளக்குக்குள் தனி ஃபியூஸ் இருப்பதால் அயன்பாக்ஸ் வயரும் தப்பிக்கிறது. நம் உருண்டைமுனைப் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது, வயரும் ஒருவழிதான். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 32 போட்டால் பிளக் கருகும், பிரேக்கர் அசையாது. "அடிக்கடி விழுது, பெருசா போட்டுடலாம்" என்பது வயரைப் பலிகொடுக்கும் யோசனை.

எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. ஷார்ட் ஆனால் பி ரகம் அந்த எண்ணின் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி ரகத்துக்கு 5 முதல் 10 மடங்கு வேண்டும். கல்வராயன் மலையில், டிரான்ஸ்பார்மரிலிருந்து நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டில், வழித்தடை 1 ஓம் என்றால் ஷார்ட்டில் ஓடுவது 230 ஆம்பியர்தான். சி32 உடனே விழும் என்று நம்ப 320 வேண்டும். பி32-க்கு 160 போதும். ஆனால் கிணற்று மோட்டார் கிளம்பும்போதே பல மடங்கு இழுக்கும். அதற்கு சி தான்.

எர்த் விஷயத்தில் இரு நாடும் ஒன்று: பெரும்பாலும் வீட்டுக்கு வீடு தனி எர்த் கம்பி. அதன் தடை 20 ஓம் என்றால் கசிவு 11.5 ஆம்பியர், சி16 கூட விழாது. அதனால் கசிவைக் கண்டு துண்டிக்கும் 'டிரிப் சுவிட்ச்' இலங்கை வீடுகளில் பழகிப்போன பொருள். நம் பழைய வீடுகள் பலவற்றில் இன்னும் அது இல்லை. வாங்கும்போது லேபிளில் 30 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 300 என்றால் அது தீத்தடுப்புக்கு, ஆளைக் காக்க அல்ல.