பங்குதாரர் யார்?

நூலகம் மக்களின் பொதுவுடைமை என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981இல் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. எஞ்சியவற்றையேனும் காக்க வேண்டும் என்னும் வேட்கையுடையோர், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவிற் பேணும் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தை 2005இல் தொடங்கினர். அதன் முகவரி ‘ஓர்க்’ என்று முடிவது. இலாபநோக்கற்ற அமைப்புகள் பெரிதும் நாடும் முகவரி வகை இது. ஏட்டைக் காத்தோம்; ஏட்டுக்குச் செல்லும் வழியை ஆள்வோர் யார் என்று கேட்டோமா?

ஆள்களப் பெயர்கள் எனப்படும் இம்முகவரிகளை உலகளாவிய முறையில் நெறிப்படுத்துவது, 1998இல் கலிபோர்னியாவில் அமைக்கப்பட்ட ஐகான் என்னும் நிறுவனமாகும். அரசாங்கம், வணிகர், தொழில்நுட்பவியலாளர், பயனாளர் ஆகிய ‘பங்குதாரர்’ யாவரும் கூடி முடிவெடுக்கும் சபை என்று அது தன்னை வருணித்துக்கொள்கிறது. பங்குதாரர் என்றதும் நமக்குக் கம்பனியிற் பங்கு வாங்கியவரே நினைவுக்கு வருகிறார். ஐகானின் வரலாற்றை நோக்குமிடத்து, அப்பொருளே பொருந்துமோ என்று ஐயுற வேண்டியுள்ளது.

2000ஆம் ஆண்டில் ஐந்து உலகப் பிராந்தியங்களுக்கு ஒருவராக ஐந்து இயக்குநரைப் பயனாளரே வாக்களித்துத் தெரிவு செய்தனர். வாக்களித்தோர் சுமார் 34,000 பேர். 2002இன் மறுசீரமைப்பு இத்தேர்தலை ஒழித்தது. வாக்காளர் தொகை சிறிது, பெருநிறுவனங்கள் ஆள்திரட்டி வென்றுவிடலாம் என்ற வாதங்களிற் சிறிது உண்மை இருந்தது. ஆசியப் பிராந்தியத்தில் வென்றவரும் ஒரு பெரும் ஜப்பானியக் கம்பனியைச் சேர்ந்தவரே. ஆயினும், தேர்தல் குறையுடையதாயின் அதனைத் திருத்துவதே முறை. ஐகானோ வாக்குரிமையையே நீக்கியது. இன்று வாக்குரிமையுள்ள 16 ஆசனங்களிற் பயனாளர் அமைப்புகள் தெரிவு செய்வது ஒன்றே.

2016 ஒக்டோபர் 1ஆம் திகதி அமெரிக்க அரசின் மேற்பார்வை முடிவுற்றபோது, இணையம் உலகின் கைக்கு வந்தது என்று பலர் போற்றினர். மூன்றாண்டுகளுள் அதன் பொருள் விளங்கிற்று. 2019இல் ‘ஓர்க்’ முகவரிகளின் விலையுயர்வுக்கிருந்த வரம்பை நீக்க ஐகான் முற்பட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. மிகப் பெரும்பாலானவை எதிர்ப்பே. வரம்பு நீக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், ‘ஓர்க்’ பதிவகத்தை ஈதோஸ் கப்பிட்டல் என்னும் தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டொலருக்கு விற்கும் திட்டம் வெளியாயிற்று. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின்னர், கலிபோர்னியாவின் சட்டமா அதிபரும் எதிர்த்து எழுதினார். 2020 ஏப்ரில் 30இல் ஐகான் விற்பனைக்கு இசைவு மறுத்தது.

விளைவு நன்றே. ஆனால் வழியை நோக்குக: நமது நூலகத்தின் முகவரி வணிகச் சரக்காகாமல் நின்றதற்கு, நாம் வாக்களிக்க இயலாத ஒரு மாநிலத்து அதிகாரியின் கடிதமும் வேண்டியிருந்தது. இதனைப் பிரதிநிதித்துவம் என்று கூற இயலுமா?

இவ்வதிகாரத்தை அரசாங்கங்களிடமே ஒப்படைத்துவிடலாம் என்பாரும் உளர். தனியார் மூலதனத்தின் பிடியை வெறுக்கும் முற்போக்காளர் சிலருக்கும் இது உவப்பாகத் தோன்றலாம். எனினும் 2007இல் இலங்கையில் தமிழ்நெற் தளம் தடைசெய்யப்பட்டதை மறந்தவர் அல்லர் நாம். கொழும்பின் பிரதிநிதி உலக சபையில் அமர்வதால் மட்டும் குடாநாட்டு மக்களின் குரல் அங்கு ஒலித்துவிடாது. 2010இல் ‘.இலங்கை’ என்னும் முகவரி தமிழெழுத்தில் வந்தமை வரவேற்கத்தக்கதே. ஆனால் முகவரியில் மொழிக்கு இடம் கிடைப்பது ஒன்று, முடிவெடுக்கும் அவையில் மக்களுக்கு இடம் கிடைப்பது வேறொன்று.

ஆகவே நமது கோரிக்கைகள் இரண்டு. நேரடித் தேர்தலால் நிரப்பப்படும் பயனாளர் ஆசனங்கள் ஐகானில் மீண்டும் ஏற்பட வேண்டும். பணபலம் புகாதவாறு விதிகளையும் வகுக்க வேண்டும். நம் நாட்டின் முகவரிப் பதிவு நிருவாகத்தில் நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இருமொழி மக்களுக்கும் உறுதியான இடம் வேண்டும். இவற்றைத் தொழில்நுட்பவியலாளரின் தனிக் காரியம் என்று ஆசிரியரும் மாணவரும் ஒதுக்கிவிடலாகாது. பொதுநூலகத்தை மீளக் கட்டக் குரல் கொடுத்த சமுதாயம், அந்நூல்களை அடையும் வழிக்காகவும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளது.