சார்லி விட்ட அடியும் சேர்த்த புத்தகமும்

2023 செப்டம்பரில், ஒரே மாதத்துக்குள், ராக் இசையின் இரண்டு பெரிய வீடுகளின் உடைமைகள் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. முதலில் சோத்பீஸ் நிறுவனத்தில் குயின் பாடகர் ஃபிரெடி மெர்குரியின் பொருட்கள். மாதக் கடைசியில், 28-ஆம் தேதி, கிறிஸ்டீஸ் நிறுவனத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸின் நூலகமும் ஜாஸ் சேகரிப்பும். வசூலை மட்டும் பார்த்தால் ஃபிரெடிக்குத்தான் வெற்றி. சுமார் 4 கோடி பவுண்டு குவிந்தது. அவருடைய பியானோ மட்டுமே 17 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் ஆட்டத்தின் தரத்தைப் பார்த்தால் எனக்கு சார்லியின் ஏலம்தான் ஒரு படி மேலே.

காரணத்தை ஒரு சீப்பு சொல்லிவிடும். ஃபிரெடியின் மீசைச் சீப்பு, வெள்ளியில் செய்தது. 400 முதல் 600 பவுண்டு வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போன விலை 1,52,400. அந்தத் தொகையில் வெள்ளியின் பங்கு சொற்பம், மீதியெல்லாம் மீசைக்காரரின் பங்கு. சார்லியின் மேசையில் இருந்தவையோ வேறு ரகம். கோனன் டாயில், ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு, அகதா கிறிஸ்டி, வுட்ஹவுஸ், ஈவ்லின் வா ஆகியோரின் முதல் பதிப்புகள், பலவற்றில் ஆசிரியரின் கையெழுத்தோடு. சார்லி என்று ஒருவர் பிறக்காமலே இருந்திருந்தாலும் இவற்றுக்கு அடிதடிதான். அவர் செய்தது சரியான பிரதியைத் தேர்ந்து எடுத்தது.

இனி விலைப்பட்டியலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தலைப்புச் செய்தியானது ‘தி கிரேட் கேட்ஸ்பி’. 1925-இல் வந்த நாவலின் முதல் பதிப்பு, எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் உடன் வேலை பார்த்த திரைக்கதையாளர் ஹாரல்டு கோல்ட்மேனுக்கு ஃபிட்ஸ்ஜெரால்டு கைப்பட எழுதிக் கொடுத்தது. நண்பரையே அசல் கேட்ஸ்பி என்று குறும்பாகக் குறித்திருக்கிறார். விலை 2,26,800 பவுண்டு. எதிர்பார்ப்பு 2 முதல் 3 லட்சம். அடடா, இலக்கைத் தொட்டுவிட்டதே என்று தோன்றும். தோன்றுவது சரியில்லை. ஏலக்காரர் சுத்தியலைத் தட்டிய விலைக்கு மேல் கிறிஸ்டீஸ் அப்போது 26 சதவீதம் கமிஷன் வைத்து வாங்குபவரிடம் வசூலித்தது. செய்தித்தாள்களில் வருவது கமிஷன் சேர்ந்த தொகை. முன்கூட்டியே அச்சாகும் மதிப்பீட்டில் கமிஷன் சேர்வதில்லை. கழித்துப் பார்த்தால் சுத்தியல் விழுந்தது 1,80,000-இல். அதாவது எதிர்பார்ப்பின் அடிக்கோட்டுக்கும் 20,000 குறைவு. நட்சத்திர ஆட்டக்காரர் அன்று கொஞ்சம் சுமார்தான்.

ஆட்டநாயகன் வேறொருவர்: ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’. 1902-இல் புத்தகமாக வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல். எதிர்பார்ப்பு 70,000 முதல் 1 லட்சம் பவுண்டு வரை. போனது 2,14,200-க்கு. இதிலும் கமிஷனைக் கழித்தால் சுத்தியல் விலை 1,70,000. மேல்கோட்டையும் தாண்டி 70,000 கூடுதல். இந்த நூலை எழுதும் முன் டார்ட்மூர் பொட்டல்வெளியைச் சுற்றி நடந்ததாக டாயில் அந்தப் பிரதியில் தம் கையாலேயே குறித்திருக்கிறார். கதை நடக்கும் மண்ணையும் கதை பிறந்த நடைப்பயணத்தையும் ஒரே வரியில் கட்டிப்போடும் குறிப்பு அது. போட்டி சூடு பிடித்ததற்கு வேறு காரணம் தேடவேண்டாம். டார்ட்மூர் இருக்கும் டெவன் மாவட்டத்தில்தான் சார்லியும் பண்ணை வைத்து அரபுக் குதிரை வளர்த்துக்கொண்டிருந்தார்.

அகதா கிறிஸ்டியின் ‘தி தர்ட்டீன் ப்ராப்ளம்ஸ்’ 60,480 பவுண்டுக்குப் போனது. பாடகரோ டிரம்மரோ தொட்டதற்காக இந்தத் தொகை கொடுக்கப்படவில்லை. பழம்புத்தகச் சந்தை தன் கணக்கில் கொடுத்த விலை.

சரி, டிரம்மரின் நூலக ஏலத்துக்கு விளையாட்டுப் பக்கத்தில் என்ன வேலை? இருக்கிறது. சார்லி புத்தகம் சேர்த்த விதமும் டிரம் வாசித்த விதமும் ஒரே கையெழுத்து.

பழைய கச்சேரிக் காட்சி எதையாவது போட்டு அவருடைய வலது கையை மட்டும் கவனியுங்கள். ராக் டிரம்மர்கள் பெரும்பாலும் வலது கையால் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டை விடாமல் தட்டிக்கொண்டே, இரண்டாம் நான்காம் தட்டுகளில் இடது கையால் ஸ்நேர் டிரம்மை அடிப்பார்கள். இரண்டும் சேர்ந்து விழும். சார்லி ஸ்நேரை அடிக்கும் கணத்தில் வலது கையைத் தூக்கிவிடுவார். ஹை-ஹாட் அங்கே வாய் மூடிக்கொள்ளும். ஸ்நேர் மட்டும் தனியாக, பளிச்சென்று விழும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடும் தொடக்க ஆட்டக்காரரைப் போல, அந்த விட்ட அடியில்தான் அவருடைய ஆட்டம் நிற்கிறது. ஸ்டோன்ஸ் பாடல்களில் ஒரு ஆட்டம், ஒரு அசைவு இருக்கிறதே, அதில் இந்த இடைவெளிக்கும் பங்குண்டு.

கருவிகளிலும் இதே சிக்கனம். மற்றவர்கள் மேடை முழுக்க டிரம்களை அடுக்கிய காலத்தில், 1950-களின் கிரெட்ச் செட் ஒன்றோடு, நான்கே டிரம்களில் காலம் தள்ளினார். 1963 ஜனவரியில் குழுவில் சேர்ந்தவர் 2019 ஆகஸ்டில் மயாமியில் கடைசி மேடை ஏறும் வரை தனி ஆவர்த்தன ஆசை காட்டியதில்லை. ‘யூ காண்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வாண்ட்’ பாடலுக்கு அவருக்குத் தாளம் கைக்குள் வராதபோது, தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர் உட்கார்ந்து வாசித்ததே இசைத்தட்டில் இருக்கிறது. சார்லி இடத்தை விட்டுக் கொடுத்தார். பிறகு மேடையில் மில்லர் போட்ட தாளத்தையே வாசித்தார். உலகப் புகழ் டிரம்மர் ஒருவர் இப்படி இறங்கி வருவது சாதாரணமில்லை.

ஜாஸ்தான் அவருடைய முதல் காதல். ஸ்டோன்ஸில் சேரும் முன்பே, கிராஃபிக் டிசைனராக இருந்த காலத்தில், ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரைப் பற்றிக் குழந்தைகளுக்கான படக்கதை ஒன்றை வரைந்து எழுதினார். கை நிறையக் காசு வந்த பிறகு, தாம் மதித்த ஜாஸ் டிரம்மர்களின் கருவிகளையே தேடிப்பிடித்து வாங்கினார். தமக்கு ஓட்டத் தெரியாவிட்டாலும் பழங்கார்களையும் வாங்கி நிறுத்தினார். 2021 ஆகஸ்டில் 80 வயதில் இறந்தபோது அவர் விட்டுப்போனது, தன்னை முன்னே நிறுத்தாத ஒரு ரசிகரின் சேகரிப்பு.

குறை சொல்ல ஒன்று உண்டு. அறுபது ஆண்டு ரசனை, துண்டு துண்டாகப் பல வீடுகளுக்குப் போய்விட்டது. துப்பறியும் நாவலும் ஜாஸும் ஒரே அலமாரியில் இருந்ததற்கு ஒரு பொருள் இருந்தது. பிரித்தபின் அது ஏலப் பட்டியலின் பக்கங்களில்தான் எஞ்சும். ஒரே கையில் ஒரு நூலகமோ அருங்காட்சியகமோ வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏலம் அப்படி நடப்பதில்லை.

உண்மையான சோதனை இனிமேல்தான். இந்தப் புத்தகங்கள் மறுபடி விலைக்கு வரும்போது, முன்பு வைத்திருந்தவர் என்ற இடத்தில் சார்லி வாட்ஸின் பெயர் அச்சாகும். அப்போது விலை கூடினால், அது டிரம்மரின் புகழுக்கான கூடுதல் மட்டுமல்ல. அவர் பார்த்து எடுத்தால் தப்பாது என்ற நம்பிக்கைக்கும் சந்தை கொடுக்கும் மதிப்பெண். என் பந்தயம் சார்லி பக்கம்தான்.