தவிலுக்குப் பக்கத்தில் வீணை

நகைக்கடைத் தராசு ஒன்றைத் திறந்தால் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு இருக்கும். ஒரு ஓரத்தில், எடையைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும் லோடு செல்லின் கம்பிகள். முழு எடை ஏற்றினாலும் வருவது பெரும்பாலும் 10 மில்லிவோல்ட்தான். 600 கிராம் தராசு 10 மில்லிகிராமைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் ஒரு படிக்குக் கிடைப்பது 0.17 மைக்ரோவோல்ட். மறு ஓரத்திலோ, 3.3 வோல்ட்டில் ஓயாமல் துள்ளும் பிராசஸர்: அந்தப் படியைவிட ஏறக்குறைய 2 கோடி மடங்கு. தவில் முழங்கும் மேடையில் வீணையும் கேட்டாக வேண்டும்.

போர்டை ரசிக்கத் தெரிந்தவர் முதலில் பார்ப்பது மேலே ஓடும் டிராக்குகளை அல்ல, அடியில் செம்புத் தகடாக விரிந்திருக்கும் கிரவுண்டை. போன மின்னோட்டம் திரும்பி வந்தாக வேண்டுமே! மெதுவான சிக்னல் செம்புத் தகட்டில் பரவித் திரும்பும்; வேகமானது போன டிராக்குக்கு நேர் கீழேயே, நிழல்போல ஒட்டித் திரும்பும்.

இதை மறந்தால் ஒரு சென்டிமீட்டர் போதும், கெடுக்க. 35 மைக்ரான் செம்பில் கால் மில்லிமீட்டர் அகல டிராக், ஒரு சென்டிமீட்டர் நீளம்: மின்தடை 20 மில்லி ஓம். அதைக் கிரவுண்டாக நம்பி பிராசஸரின் 10 மில்லிஆம்பியரையும் அதன் வழியே அனுப்பினால் 200 மைக்ரோவோல்ட் எழும். சிக்னலை அந்தக் கிரவுண்டை வைத்தே அளந்தால் தராசுக் கணக்கில் அது 12 கிராம், அதாவது ஒன்றரைப் பவுன்! லோடு செல்லில் இரு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அளப்பது சும்மா இல்லை.

கிரவுண்டை அனலாக், டிஜிட்டல் என்று இரண்டாக வெட்டுவது பழைய வழக்கம். படத்தில் பார்க்க நேர்த்திதான். ஆனால் ஒரே ஒரு டேட்டா டிராக் அந்த வெட்டைத் தாண்டினாலும், அதன் நிழலுக்கு வழி அடைபட்டு ஊரைச் சுற்றித் திரும்பும். அந்த வளையமே ஆன்டெனா ஆகிவிடும். 2001-இல் மின்காந்தக் குறுக்கீட்டு வல்லுநர் ஹென்றி ஓட் எழுதிய கட்டுரை இதைத்தான் போட்டு உடைத்தது: செம்பை முழுதாக விடு, பாகங்களைப் பிரித்து வை, டிஜிட்டல் டிராக்கை அனலாக் பக்கம் விடாதே.

அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி சிப்பில் கிரவுண்ட் கால்கள் இரண்டு பெயரில் இருப்பது புதியவர்களைக் குழப்பும். அந்தப் பெயர்கள் சிப்பின் உள்விவகாரம். பெரும்பாலும் இரண்டையும் ஒரே செம்பில் இறக்குவதே நல்லது. சப்ளை காலை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், டேட்டா டிராக்கில் துள்ளலைத் தணிக்கச் சின்ன ரெசிஸ்டர்: இவை கைப்பழக்கம்.

வெட்டாத செம்பின் அழகைக் காண அனலாக் வடிவமைப்பாளர் ஜிம் வில்லியம்ஸின் சர்க்யூட்டுகளைப் பார்க்க வேண்டும். லீனியர் டெக்னாலஜி சிப் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 2011-இல் காலமான பின், அவரது வேலை மேசையையே கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ கணினி வரலாற்று அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. அவர் கைப்பட அடுக்கிய சோதனைச் சர்க்யூட்டுகளில் டிராக்கே கிடையாது. ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் காலோடு கால் பற்றவைத்து அந்தரத்தில் கிளைத்து நிற்கும். கீழே வெறும் செம்புத் தகடு பளபளக்கும்.