புள்ளி வைத்து வெட்டிய பேர்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பித்தளை கண்ணைக் கூசவைக்கும். எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. கடைக்காரர்கள் கதவைத் திறந்து சாமான்களைத் தெருவோரம் எடுத்து வைக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பிடித்தது. உள்ளே இருட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும். நாலு பேர் தூக்கிவந்து சுவரில் சாய்க்கிற பர்மாத் தேக்குத் தூண், யாளி செதுக்கிய நிலை, சங்கிலி இல்லாத ஊஞ்சல் பலகை. அவற்றுக்குப் பின்னால் உருளி, அண்டா, அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, கண்ணாடிச் சரவிளக்கின் உதிர்ந்த தொங்கல்கள் போட்ட ஒரு கூடை.

பெண்ணுக்குக் கொடுக்கும் சீரை, வீட்டின் உள்முற்றமான வளவு முழுக்கப் பரப்பி வைத்து உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது நகரத்தார் வீட்டுக் கல்யாண வழக்கம். சாமான் பரப்புவது என்றே அதற்குப் பேர். அப்படி ஒரு நாள் வரிசையாகப் பரப்பப்பட்டவைதான் இந்தத் தெருவில் பாதி. அதனால் எனக்கு இங்கே வேகமாக நடக்கத் தோன்றுவதில்லை. கல்யாண வீட்டுக்குள் போனவன் போல, ஒவ்வொன்றின் எதிரிலும் கொஞ்சம் நின்றுதான் போகிறேன்.

போன தடவை என்னை நிறுத்தியது ஒரு டம்ளர். ஆறு விரல் உயரம், மெல்லிய பித்தளைத் தகடு, உள்ளே ஈயம் பூசியது. ஈயம் பாதி போய், அடியில் மஞ்சள் தெரிந்தது. வேலைப்பாடு என்று சொல்ல விளிம்புக்குக் கீழே ஓடும் ஒற்றைக் கோடு மட்டும். அந்தக் கோட்டை ஒட்டிப் புள்ளி புள்ளியாக ஒரு பேர்: மு.அ. உண்ணாமலை.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இப்போது மின்சார ஊசி வந்துவிட்டது. எழுத்து கிறுக்கலாக ஓடிவிடும். முன்பு கூரான சிற்றுளியும் சின்னச் சுத்தியலும்தான். ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி. வளைந்த தகட்டில் உளி வழுக்காமல், தகடு கிழியாமல், புள்ளிக்குப் புள்ளி ஒரே இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போக வேண்டும். இந்த டம்ளரில் ‘உ’வின் சுழிவில் புள்ளிகள் எள் எள்ளாக நெருங்கி இருக்கின்றன. வளைவைக் கோணலாக்கிவிடக் கூடாது என்ற பயம் அதில் தெரிகிறது. ‘ம’வின் நேர்கோட்டுக்கு வந்ததும் கை விட்டு விட்டு நடக்கிறது. வெட்டியவர் மூச்சை எங்கே பிடித்தார், எங்கே விட்டார் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது.

அந்தப் பேரே எழுத்து வெட்டுகிறவருக்கு ஒரு சோதனை. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது 13 எழுத்துகள் வடிவம் மாறின. பெரியார் 1935-லேயே குடி அரசில் பயன்படுத்தத் தொடங்கிய வடிவங்கள் அவை. அந்தப் 13-இல் இரண்டு, ‘ணா’வும் ‘லை’யும், இந்த ஒரு பேருக்குள்ளேயே இருக்கின்றன. டம்ளரில் இருப்பவை இரண்டுமே பழைய வடிவம். ‘ணா’ தனியாகக் கால் வாங்காமல், தன் வாலையே கீழே இறக்கிச் சுழிக்கிறது. ‘லை’ தலைக்கு மேல் யானைத் துதிக்கை போல் சுருண்டு எழும்புகிறது. துதிக்கை எழ இடம் வேண்டுமே. மேலே விளிம்புக் கோடு வந்து முட்டுகிறது. வெட்டியவர் கோட்டைத் தாண்டவில்லை, எழுத்தையும் குறுக்கவில்லை. துதிக்கையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தியிருக்கிறார். அந்த ஒரு சாய்வுக்காகவே நான் அந்த டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

இன்னொன்றையும் அப்புறம்தான் கவனித்தேன். எழுத்து முழுக்கப் புள்ளியால் ஆனது என்றால், ‘ண்’ தலையில் வைக்க வேண்டிய மெய்ப்புள்ளியை எப்படிக் காட்டுவது? எல்லாப் புள்ளிக்கும் நடுவே அது காணாமல் போய்விடாதா? அதை மட்டும் உளியைத் திருப்பி, ஓங்கித் தட்டியிருக்கிறார். மற்றவை கடுகு என்றால் அது மிளகு. ‘மு’வுக்கும் ‘அ’வுக்கும் பின்னால் வரும் முதலெழுத்துப் புள்ளிகளுக்கு அந்த மரியாதை கிடையாது, அவை சின்னதாகவே நிற்கின்றன. செட்டிநாட்டில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளி என்றுதான் கணக்கு வைப்பார்கள். கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். புதிதாக ஒரு புள்ளி ஆன பெண்ணின் பேரில் அந்தப் பெரிய புள்ளியைப் பார்த்தபோது எனக்கு இதுவும் நினைவுக்கு வந்தது.

“என்னண்ணே, பேரையே பாத்துக்கிட்டு நிக்கிறீக?” என்றார் கடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், கையில் புளி போட்டுத் தேய்த்த ஈரம் காயவில்லை. சொன்னேன். அவரும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “வாங்குறவுகள்ல சில பேரு பேரை அராவிக் குடுங்கன்னு கேக்குறாக. இன்னொருத்தர் பேரு நம்ம வீட்ல எதுக்குன்னு. நான் அராவுறதில்லண்ணே. தகடு மெலிஞ்சு போயிரும்.” அவர் சொன்ன காரணம் தகட்டைப் பற்றியதுதான். ஆனாலும் அவர் அராவ மாட்டார் என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அடுத்த கடையில் எனாமல். இந்தத் தெருவின் நிறமே அதுதான் என்பேன்: வெளிர்ப் பச்சை, பால் மஞ்சள், மயில் கழுத்து நீலம். பர்மா, மலேயா, இலங்கை என்று லேவாதேவிக்குப் போனவர்கள் கப்பலில் கொண்டுவந்த சாமான். குப்புறத் திருப்பினால் சிலதில் ஸ்வீடன் என்றும், அந்த நாட்டுக் கோக்கும்ஸ் கம்பெனியின் முத்திரையும் இருக்கும். செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரைகளும் உண்டு. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, 800 டிகிரிச் சூளையில் உருக்கிப் பிடிக்கவைப்பதுதான் எனாமல். அதனால்தான் அந்த நிறங்கள் மங்குவதே இல்லை. நான் எடுத்த கிண்ணத்தில் பச்சை, விளிம்பிலிருந்து கீழே இறங்க இறங்கத் தானாகக் கரைந்து பால் நிறமாகிறது. எங்கே பச்சை முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் எனாமல் தெறித்து, காசளவுக்குக் கரிய இரும்பு தெரிந்தது. அந்தக் கறுப்பைச் சுற்றித் துரு ஒரு மெல்லிய காவி வளையம் போட்டிருந்தது. வாங்குகிறவர்கள் அதைக் குறை என்று விலையைக் குறைப்பார்கள். எனக்கோ அந்த இடத்தில்தான் கிண்ணம் எதனால் ஆனது என்று தெரிந்தது.

பக்கத்தில் இரும்புப் படிகள், உழக்கு, ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை இன்று கையில் பிடித்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. நன்றாக உழைத்த படியின் வாய் ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று இருக்கும். தலைதட்டி அளந்த கை எப்போதும் அந்தப் பக்கமாகவே வழித்திருக்கும். பழசா, பழசு போல் ஆக்கியதா என்று அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. புளியும் அமிலமும் போட்டு நிறத்தைக் கொண்டுவந்துவிடலாம். தேய்மானத்தைச் சரியான இடத்தில் கொண்டுவர முடியாது. அங்கிருந்த கிளி மூக்குப் பாக்குவெட்டியில் கிளியின் ஒரு கண் மட்டும் தேய்ந்து அழிந்திருந்தது. கையில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் நேராக அந்தக் கண்ணில்தான் போய் உட்கார்ந்தது.

படக்கடையைச் சொல்லாமல் விட முடியாது. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி படங்கள் இங்கே சட்டத்தோடு கிடைக்கும். நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் ஏற்றி அச்சடித்தவை அவை. ஆனால் அவற்றில் சிலதை வீட்டுப் பெண்கள் அப்படியே விட்டுவைக்கவில்லை. ஒரு லட்சுமிக்கு உண்மையான பட்டுத்துணியில் புடவை ஒட்டியிருக்கிறார்கள், சரிகையில் கரை, ஜிகினாவில் ஒட்டியாணம், பாசிமணியில் மாலை. அருகில் போய்ப் பார்த்தால் துணியின் மடிப்பு, கீழே ஓவியத்தில் இருக்கும் மடிப்பின் மேலேயே சரியாக விழுகிறது. ஓவியர் நிழல் போட்ட இடத்தில் துணி உள்ளே போகிறது, வெளிச்சம் விட்ட இடத்தில் மேலே வருகிறது. முகம், கை, பாதம் மூன்றையும் தொடவில்லை. மத்தியான நேரத்தில், பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து, பசைக் கிண்ணமும் கத்தரியுமாக ஒரு ஆச்சி ரவிவர்மாவின் கோட்டைப் பின்பற்றிப் போயிருக்கிறார். அவர் பேர் படத்தில் எங்கேயும் இல்லை. சட்டத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன்; நிறம் மங்கிய பழைய அட்டையும் இரண்டு ஆணியும்தான்.

வெயில் ஏறிவிட்டது. ஒரு லாரி வந்து நின்றது. எங்கோ ஒரு வீட்டைப் பிரித்த சன்னல்கள், கம்பியோடு. பங்காளிகள் பலர், ஆளுக்கொரு ஊரில். ஒட்டடை அடிக்கவும் ஓடு மாற்றவும் யாராலும் முடியவில்லை என்கிற கதையை இங்கே எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சன்னல்களை இறக்குவதை நான் நின்று பார்க்கவில்லை. திரும்பி முதல் கடைக்கே போனேன். டம்ளருக்கு 1,200 ரூபாய் சொன்னார். பேரம் பேச மனம் வரவில்லை. தினத்தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

திருச்சிக்குப் போகும் பஸ்ஸில் திருமயம் தாண்டியதும் கட்டைப் பிரித்தேன். டம்ளருக்குள் விரலை விட்டேன். தகடு மெல்லியது என்பதால் வெளியே குழிந்த புள்ளிகள் எல்லாம் உள்ளே ஈயத்துக்கு அடியில் மேடாக எழும்பியிருந்தன. பேர் இடம் வலம் மாறி, கோலம் போல ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மற்றவற்றைவிட உயரமாக ஒரு புள்ளி விரலில் தட்டியது. அங்கிருந்து ‘ணா’வின் வாலைத் தேடிக் கீழே இறங்கினேன்.